பச்சோந்திக்கு என்ன தீனி?

"சாமி, பச்சோந்திக்கு என்ன தீனி போடணும்?"

சென்ற ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள் மாலை, லால்பேட்டையை அடுத்த வெற்றிலைக் கொடிக்கால் பகுதியில் ஒரு குடும்பத்தைக் காணச் சென்றிருந்தேன். நான் திண்ணையில் அமர்ந்ததும் அமராததுமாக அவ்வீட்டுச் சிறுவன் ஓடிவந்து கேட்ட கேள்வி இது. கேட்டதோடு நில்லாமல் என் கையைப் பற்றிக் கொல்லைப்புறம் அழைத்துச் சென்றான். அங்கே கோழிக்குஞ்சுகளை அடைக்கும் பஞ்சாரம் ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதனுள்ளே ஒரு பச்சோந்தி.

நான்கு நாள்களுக்கு முன் ஏரிக்கரைச் சாலையில் ஊர்ந்துகொண்டிருந்ததைக் கண்டு பிடித்து வந்தானாம். பஞ்சாரத்துக்குள் ஒரு பிடி சோறும், வாழைப்பழத் துண்டும், கொட்டாங்கச்சியில் தண்ணீரும் இருந்தன. மூன்றையும் அது தொட்டதாகத் தெரியவில்லை. கூம்பு போன்ற அதன் கண்கள் உட்குழிந்திருந்தன. பச்சை நிறம் போய், அடுப்புக்கரி பூசினாற்போல் உடல் கறுத்துக் கிடந்தது. ஆனால் வயிறு மட்டும் பருத்திருந்தது.

"நல்லா சாப்பிட்டுத்தான் வயிறு இப்படி இருக்குன்னு அம்மா சொல்றாங்க. ஆனா சோறு அப்படியே இருக்கே, சாமி?" என்றான் சிறுவன். அவன் குரலில் கவலை இருந்தது. அதை வதைக்க அவன் பிடித்து வரவில்லை. வளர்க்கவே பிடித்து வந்தான். அன்புதான் அவனைக் கேள்வி கேட்க வைத்தது. ஆனால் அன்பு மட்டும் ஓர் உயிருக்கு உணவாகிவிடுமா?

என் பழைய கணக்கு

இந்தக் கேள்வி என்னை நாற்பத்தைந்து ஆண்டுகள் பின்னோக்கி இழுத்துச் சென்றது. என் பத்தாம் வயதில் நானும் ஒரு பச்சோந்தியைப் பிடித்து மரப்பெட்டியில் அடைத்து வைத்திருந்தேன். சிவப்புத் துணியில் வைத்தால் சிவக்கும், நீலத் துணியில் வைத்தால் நீலமாகும் என்று நண்பர்கள் கூறியதை நம்பி, அதை மாற்றி மாற்றித் துணிகளின்மேல் வைத்தோம். அது சிவக்கவும் இல்லை, நீலமாகவும் இல்லை, கறுத்தது. ஒருவன் தன் தாத்தாவின் டப்பியிலிருந்து மூக்குப்பொடி கொண்டுவந்து அதன் வாயில் வைத்தான். அது தலைசுற்றித் தள்ளாடியதைக் கண்டு கைகொட்டிச் சிரித்தோம். ஓணானுக்கும் இவ்வாறே செய்வது அக்காலச் சிறுவர்களின் வழக்கம். சில நாள்களில் அந்தப் பச்சோந்தி பெட்டிக்குள்ளேயே மடிந்தது. "தீனி போட்டேன், தின்னாமல் செத்துப்போயிற்று" என்று நான் அம்மாவிடம் கூறினேன். குற்றத்தை அதன்மேல் சுமத்திவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

இன்று அந்தச் சிறுவனுக்குப் பதில் கூற வேண்டிய கடமை எனக்கு இருந்தது. அவனுக்குச் சொன்னதையே சற்று விரிவாக வாசகக் குடும்பங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

ஓணான் வேறு, பச்சோந்தி வேறு

அவ்வீட்டுப் பாட்டியார் தொலைவில் நின்றபடியே, "அது எட்ட இருந்தே இரத்தத்தைக் குடிச்சுடும், தூக்கி எறியச் சொல்லுங்க சாமி" என்றார். நம் ஊர்களில் ஓணானையும் பச்சோந்தியையும் ஒன்றாகவே எண்ணிப் பலர் அஞ்சுகின்றனர். வேலியில் தலையை ஆட்டிக்கொண்டு, விரட்டினால் விர்ரென்று ஓடுவது ஓணான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் சிவப்பதைக் கண்டுதான், அது இரத்தம் குடித்துவிட்டது என்று கதை கட்டினார்கள். அந்தச் சிவப்பு அதன் சொந்தத் தோலின் நிறமே. ஒரு சொட்டு இரத்தமும் அது யாரிடமிருந்தும் குடிப்பதில்லை.

பச்சோந்தி ஓடத் தெரியாதது. காற்றில் ஆடும் இலைபோல் முன்னும் பின்னும் அசைந்து அசைந்து, ஒரு கால் பெயர்த்து மறுகால் வைக்கும். அதன் பாதங்கள் இடுக்கிபோல் இரண்டாகப் பிளந்து கிளையைக் கவ்வும். முன்பாதத்தில் வெளிப்புறம் இரண்டு விரல்கள், உட்புறம் மூன்று. பின்பாதத்தில் இக்கணக்கு தலைகீழ். வால் ஐந்தாவது கையாகிக் கிளையைச் சுற்றிக்கொள்ளும். கண்கள் இரண்டும் தனித்தனியே சுழலும். ஒரு கண் முன்னே பார்க்கையில் மற்றொன்று பின்னே பார்க்கும். வாலோடு சேர்த்து ஓர் அடிக்குச் சற்று மேற்பட்ட நீளம் வளரக்கூடிய இப்பிராணிக்கு நஞ்சு கிடையாது. சீறும், உடலை உப்பிக் காட்டும். அவ்வளவே அதன் வீரம்.

உலகில் இருநூறுக்கு மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழப் பாதி மடகாஸ்கர் தீவில் வாழ்வன. நம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வாய்த்திருப்பது ஒரே ஓர் இனம்தான். நம் வேலியில் காண்பது அதுவே.

காற்றைத் தின்னும் பிராணியா?

பச்சோந்தியின் உணவைப் பற்றிய குழப்பம் நம் ஊரில் மட்டும் இருந்ததன்று. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இதன் உடலைக் கூர்ந்து ஆராய்ந்து எழுதினார். ஆனால் அவருக்குப் பின் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி, இது உண்பதுமில்லை, பருகுவதுமில்லை, காற்றையே உண்டு உயிர்வாழ்கிறது என்று எழுதிவைத்தார். ஐரோப்பியர் அதைப் பல நூற்றாண்டுகள் நம்பினர்.

இந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. பச்சோந்தி மணிக்கணக்கில் அசையாதிருக்கும். அது இரை பிடிக்கும் வேகமோ நம் கண்ணுக்கு எட்டாது. வெட்டுக்கிளி, ஈ, கும்பிடுபூச்சி, வண்ணத்துப்பூச்சி, புழு ஆகியவையே அதன் உணவு. இரையைக் கண்டதும் இரு கண்களையும் அதன்மேல் ஒருங்கே நிறுத்தித் தொலைவை அளந்து, உடலின் நீளத்துக்கும் குறையாத நாக்கை அம்புபோல் எய்யும். நாக்கின் நுனி இரையை ஒட்டிக்கொள்ள, அடுத்த நொடிக்குள் அது வாய்க்குள் சென்றுவிடும். அந்நுனியில் சுரக்கும் நீர், மனிதனின் உமிழ்நீரைவிட ஏறத்தாழ 400 மடங்கு பிசுபிசுப்பானது என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இப்பொழுது சிறுவனின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதல்லவா? பச்சோந்தி அசைவதையே உணவாக அறியும். சோறு அசையாது, வாழைப்பழத் துண்டும் அசையாது. நம் பச்சோந்தியின் கண்ணுக்கு அவை கல்லும் மண்ணும் போன்றவை. சோற்றின் நடுவே அது பட்டினி கிடந்தது பிடிவாதத்தால் அன்று.

தண்ணீர் இருந்தும் தாகம்

தண்ணீர் விஷயம் இன்னும் வியப்பானது. கிண்ணத்திலும் கொட்டாங்கச்சியிலும் தேங்கிநிற்கும் நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் நீரென்றே அறிவதில்லை. இலைமேல் விழுந்த பனித்துளியும் மழைத்துளியும் ஒளியில் மின்னும்போதும் சொட்டும்போதும்தான் அது நாவால் எடுத்துப் பருகும். கண்கள் உட்குழிவது நீரின்றி உடல் வற்றுவதன் அடையாளம்.

லால்பேட்டையின் அருகே விரிந்துகிடப்பது வீராணம் ஏரி. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன் காலத்தில் உருவானதென்று கூறப்படும் அந்த ஏரி, 2004 முதல் தொலைவிலுள்ள சென்னை மாநகரின் தாகத்தையும் தணித்து வருகிறது. அதன் கரையிலேயே, ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீரின் முன்னே, ஓர் உயிர் தாகத்தால் வாடிக்கொண்டிருந்தது! கொடுப்பவனுக்குக் கொடுக்கத் தெரியவில்லை, அதுதான் காரணம்.

வெளிநாட்டில் வளர்ப்போர் படும் பாடு

"வெளிநாட்டுல வீட்டுக்குள்ளேயே வளர்க்கிறாங்களே, போன்ல பாத்தேன்" என்றான் சிறுவன். உண்மைதான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், ஏமன் நாட்டைச் சேர்ந்த தலைக்கொண்டைப் பச்சோந்தியையும் மடகாஸ்கரின் பல வண்ணப் பச்சோந்தியையும் கூண்டுகளில் இனப்பெருக்கம் செய்து விற்கிறார்கள். அவற்றை வாங்கி வளர்ப்போர் என்ன செய்கிறார்கள் என்பதை அவன் பார்த்த படம் முழுவதும் காட்டியிருக்காது.

முதலாவது, காற்றோட்டமுள்ள உயரமான வலைக்கூண்டு. அதற்குள் உயிருள்ள செடிகள். இரண்டாவது, வெயிலுக்குப் பதிலாக இரண்டு விளக்குகள்: ஒன்று குளிர்காய வெப்பம் தருவது, மற்றொன்று புற ஊதாக் கதிர் தருவது. அக்கதிர் இல்லையேல் உடலில் டி வைட்டமின் உண்டாகாது. டி வைட்டமின் இல்லையேல் உண்ட சுண்ணாம்புச் சத்து உடலில் சேராது. எலும்புகள் வளைந்து, தாடை மென்மையாகி, கிளையைப் பற்ற இயலாமல் பிராணி விழுந்துவிடும். மூன்றாவது, நாள்தோறும் செடிகளின்மேல் நீர்த்தூவல். நான்காவது, உயிருள்ள சுவர்க்கோழிப் பூச்சிகள். அப்பூச்சிகளுக்குத் தனியே கீரையும் காய்களும் ஊட்டி வளர்த்து, சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவி அவற்றைக் கூண்டுக்குள் விடுவார்கள். ஐந்தாவது, பெண் பச்சோந்திக்கு முட்டையிட ஈரமண். ஆறாவது, தனிமை. ஒரு கூண்டில் இரண்டு இருந்தால் ஒன்றையொன்று கண்டே நலிந்துவிடும். கையில் எடுத்துக் கொஞ்சுவதையும் பச்சோந்தி விரும்புவதில்லை, பொறுத்துக்கொள்வதுண்டு, அவ்வளவே.

இவ்வளவும் எதற்காக? ஒரு மரத்தையும், அதன்மேல் விழும் வெயிலையும், இலையில் தங்கும் பனியையும், அதில் மொய்க்கும் பூச்சியையும் பணம் கொடுத்து வீட்டுக்குள் செய்து பார்ப்பதற்காக! நமக்கோ அவையெல்லாம் வேலியிலேயே இருக்கின்றன.

இத்தகைய வளர்ப்பால் வந்த வினையும் உண்டு. 1972இல் கென்யா நாட்டின் மூன்று கொம்புப் பச்சோந்திகள் சில, விற்பனைக்காக ஹவாய்த் தீவுக்கு வரவழைக்கப்பட்டன. நெடும் பயணத்தில் வாடிப்போயிருந்த அவை தேறட்டும் என்று உரிமையாளர் தம் தோட்டத்தில் விட்டார். அவை தேறின, தேறியதோடு தோட்டத்தை விட்டு வெளியேறித் தீவில் பரவிவிட்டன. இன்று அங்குள்ள அரிய பூச்சிகளுக்கும் நத்தைகளுக்கும் அவை எதிரிகள். பிறந்த மண்ணில் நன்மை செய்யும் உயிர், இடம் மாறினால் தொல்லையாகிவிடுகிறது.

நிறம் பொய் சொல்வதில்லை

நிலையில்லாத மனிதனைப் "பச்சோந்தி" என்று ஏசுகிறோம். மேடைகளிலும் செய்தித்தாள்களிலும் இச்சொல் படும் பாடு சொல்லி முடியாது. ஆனால் பச்சோந்தி நிறம் மாறுவது ஏமாற்றுவதற்காக மட்டும் என்பது தவறு. குளிர்ந்த காலை வேளையில் வெப்பத்தை ஈர்த்துக்கொள்ள அது கறுக்கும். கடும் வெயிலில் வெளுக்கும். உறங்கும்போதும் வெளிறிய நிறம் கொள்ளும். போட்டிக்கு வரும் ஆணைக் கண்டால் ஒரு நிறம். துணையைக் கண்டால் ஒரு நிறம். அச்சமும் நோயும் வந்தால் மற்றொரு நிறம்.

இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல், மடகாஸ்கரின் பல வண்ணப் பச்சோந்தியை ஆராய்ந்து விளக்கினர். அதன் தோலில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய படிகங்கள் அடுக்கப்பட்டுள்ளன. அமைதியாக இருக்கையில் அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. தோலிலுள்ள மஞ்சளோடு அது கலந்து பச்சையாகத் தெரிகிறது. கிளர்ச்சியுற்றால் படிகங்கள் விலகி நிற்க, மஞ்சளும் சிவப்பும் தோன்றுகின்றன.

ஆகவே நிறம் என்பது அதன் மொழி. உள்ளே உள்ளதை வெளியே கூறிவிடும் மொழி. மனிதர்களில் நாம் பச்சோந்தி என்று யாரை ஏசுகிறோமோ, அவர் உள்ளே இருப்பதை மறைப்பவர். இப்பிராணியோ மறைக்கத் தெரியாதது. பஞ்சாரத்துக்குள் கறுத்துக் கிடந்த அது நான்கு நாள்களாக ஒரே செய்தியைத்தான் கூறிக்கொண்டிருந்தது. நானும் என் பத்தாம் வயதில் அதே செய்தியைக் கண்டேன். வேடிக்கை என்று எண்ணிவிட்டேன்.

சட்டம் கூறுவது

பச்சோந்தியை வீட்டில் வளர்ப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம் என்பதைப் பெற்றோர் பலர் அறியார். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதனைப் பாதுகாக்கப்பட்ட உயிரினமாகக் கொண்டுள்ளது. அச்சட்டத்தில் வேட்டை என்னும் சொல் கொல்வதை மட்டும் குறிப்பதன்று. பிடிப்பதையும் பொறிவைப்பதையும் குறிக்கும். மீறினால் சிறையும் அபராதமும் உண்டு. வெளிநாட்டுப் பச்சோந்திதானே என்று எவரேனும் விற்க வந்தாலும் எச்சரிக்கை தேவை. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படியும் 2024இல் வெளியான விதிகளின்படியும், பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலிலுள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். சான்றின்றி வாங்குபவர், கடத்தலுக்குத் துணைபோகிறவர் ஆகிவிடுவார்.

சிறுவர்களைச் சட்டத்தைக் காட்டி அச்சுறுத்த வேண்டும் என்று நான் கூறவில்லை. ஆனால் "விளையாட்டுக்குத்தானே" என்று பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருத்தல் ஆகாது.

பஞ்சாரம் திறந்தது

அதன் பருத்த வயிற்றைச் சிறுவனுக்குச் சுட்டிக்காட்டி, "தம்பி, இது தின்று பருத்த வயிறாகத் தெரியவில்லை. உள்ளே முட்டை இருக்கக்கூடும். மரத்தை விட்டுப் பச்சோந்தி தரைக்கு வருவதே அரிது. மண்ணைத் தோண்டி முட்டையிட இடம் தேடித்தான் அது சாலைக்கு வந்திருக்க வேண்டும்" என்றேன். இடமின்றி முட்டை உள்ளேயே தங்கிவிட்டால் தாயும் பிழைப்பது கடினம்.

சிறுவன் நெடுநேரம் பேசவில்லை. கண்களில் நீர் திரண்டது. அவன் அழுதது பிராணியைப் பிரிவதற்காகவா, செய்ததை உணர்ந்தா என்று நான் கேட்கவில்லை. பிறகு தானே பஞ்சாரத்தைத் தூக்கினான். அவன் தந்தையார் ஒரு குச்சியை நீட்ட, பச்சோந்தி மெதுவாக அதைப் பற்றிக்கொண்டது. பிடித்த இடத்துக்கே கொண்டு சென்றோம். சாலையை விட்டு விலகி, மண் இளகியிருந்த ஒரு புதரில் குச்சியைச் சாய்த்து வைத்தோம். சிறுவன் புட்டியிலிருந்த தண்ணீரைக் கைநிறைய எடுத்து இலைகளின்மேல் தெளித்தான். சற்றுநேரம் ஒன்றும் நிகழவில்லை. பின்னர் அதன் ஒரு கண் சுழன்றது. தலையை நீட்டி, இலை நுனியில் தொங்கிய துளி ஒன்றை எடுத்தது, இன்னொன்றை எடுத்தது. "குடிக்குது சாமி, குடிக்குது!" என்று சிறுவன் கிசுகிசுத்தான். நான்கு நாள்களாக அவன் காண விரும்பிய காட்சி அதுவே.

"வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொண்டு, குத்துகிறது குடைகிறது என்றானாம்" என்பது நம் பழமொழி. மடியில் கட்டிக்கொண்டவனின் துன்பத்தை மட்டும் அது கூறுகிறது. மடியில் கட்டப்பட்ட ஓணானின் துன்பத்தை நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

பச்சோந்தியை வளர்க்க விரும்பும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவனுக்கு வேலியைக் காட்டுங்கள். கொல்லையில் நாலு செடியும் ஒரு வேலியும் நிலைத்திருக்கட்டும். தேவையின்றிப் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள். மருந்துண்ட பூச்சி, அதைத் தின்னும் உயிருக்கும் நஞ்சு. வெட்டுக்கிளியையும் புழுவையும் தின்னும் இப்பிராணி உழவனுக்குக் கூலி கேளாத வேலையாள். மழைக்காலத்தில் சாலையைக் கடக்கும் பச்சோந்தியைக் கண்டால் வண்டியை மெதுவாக்குங்கள். அதனால் விரைந்து ஓட இயலாது. ஒரு குச்சியை நீட்டி, அது போகும் திசையிலேயே அப்பால் விட்டுவிடுங்கள். அடிபட்டுக் கிடந்தால் வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்காமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

இரண்டு மாதம் கழித்து மீண்டும் அவ்வழியே சென்றேன். அச்சிறுவன் என்னைக் கண்டதும் ஓடிவந்தான். நாள்தோறும் பள்ளி விட்டு வரும்போது அந்தப் புதரைப் பார்த்துவிட்டு வருகிறானாம். "ஒரு நாளும் கண்ணில் படலை, சாமி. போயிடுச்சா, இலையோட இலையா உக்காந்திருக்கான்னு தெரியலை" என்றான். கொல்லை வேலியை வெட்டக் கூடாது என்று தந்தையிடம் கேட்டு, அவரும் இவ்வாண்டு வெட்டாமல் விட்டிருந்தார்.

அவ்வேலியைச் சற்றுநேரம் இருவரும் நின்று பார்த்தோம். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. அதனுள்ளிருந்து எது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததோ, யார் அறிவார்?